கல்யாணத்துக்கு மிலிட்டரி கில்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வருடமாக ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருக்கிறேன். கடலில் எண்ணெய் எடுக்கும் தொழிலில் வேலை. வேட்டியைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதில், உடை ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்து நிறுத்தி வைத்து மரியாதை செய்ய முடியாது என்று சொல்லியிருந்தீர்கள். அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி.

வரும் ஜூனில் கூட வேலை பார்க்கும் நண்பனுக்குக் கல்யாணம். இந்த ஊர்க்காரன். மாப்பிள்ளைத் தோழர்கள் நான்கு பேரில் நானும் ஒருவன். இங்கே கல்யாணம் என்றால் ஆண்கள் கில்ட் (கொசுவம் வைத்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டும் உடை) கட்டுவது வழக்கம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் கட்டம் போட்ட டார்ட்டன் துணி வேண்டாம், ஐந்து பேரும் மிலிட்டரி டிசைன் கில்ட் கட்டலாம் என்கிறான். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று திட்டுத் திட்டாக ஆர்மி பேண்ட்டில் இருக்குமே, அதே துணி. அவன் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. சனி ஞாயிறுகளில் மலை ஏறுவான், மீன் பிடிப்பான், அவ்வளவுதான்.

ஆபீஸில் இது பெரிய பேச்சாகிவிட்டது. ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கும் ஒரு பெரியவர், "கில்ட்டுக்கு இதைவிட அவமானம் கிடையாது, எங்கள் தாத்தாக்கள் அதைக் கட்டிக்கொண்டு செத்தவர்கள்" என்றார். சின்னப் பையன்கள், "துணிதானே, விடுங்கள்" என்றார்கள். என் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு "நல்லா இல்ல" என்று முடித்துவிட்டாள். நான் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் கருத்து என்ன? வெளியூர்க்காரனான நான் இதில் கருத்துச் சொல்லலாமா? கில்ட் கட்டவே எனக்கு உரிமை உண்டா?

வாசகர், அபர்டீன்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மிலிட்டரி டிசைனால் கில்ட்டுக்கு ஓர் அவமானமும் வந்துவிடாது. ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்கு அதைக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த இரண்டையும் ஒன்றாக எப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

உங்கள் ஆபீஸ் பெரியவர் மனதில் இருக்கும் கில்ட் குலத்துக்கு ஒரு டார்ட்டன், அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே இவன் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும் கில்ட். அதில் போய் ஒளிந்துகொள்வதற்கான டிசைனைப் போடுவதா என்பது அவர் கோபம். ஆனால் ஒளிந்துகொள்ளும் நிறம் ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள அந்த மலைநாட்டு உடைக்குப் புதிதே அல்ல. ஜார்ஜ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1582-ல் தம் நாட்டு வரலாற்றை லத்தீனில் எழுதினார். அதில் மலைநாட்டு ஆண்களின் உடையைப் பற்றி ஓர் இடம் வருகிறது. பல நிறக் கோடு போட்ட துணிகளில் அவர்களுக்குப் பிரியம் உண்டு, ஆனால் இப்போது பெரும்பாலோர் ஹெதர் என்ற மலைப்புதரின் இலையை ஒத்த கரும்பழுப்பு நிறத்தையே விரும்புகிறார்கள் என்கிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார். பகலில் ஹெதர் புதருக்குள் படுத்திருக்கும்போது உடை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

அபர்டீனில் இருக்கிறீர்கள், ஹெதர் மூடிய மலைகளைப் பார்த்திருப்பீர்கள். கோடை முடிவில் சில வாரம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும், மற்ற மாதமெல்லாம் ஒரு மங்கிய பழுப்பு. அந்த நிறத்தில் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஒருவன் அசையாமல் படுத்தால் இருபது அடியில் நின்று பார்த்தாலும் தெரியமாட்டான். இந்த விவரத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு சிலிர்ப்பு வந்தது. நானூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே அந்த ஊர்க்காரன் ஒளிவதற்கென்று நிறம் பார்த்து நெய்திருக்கிறான். உங்கள் நண்பனுக்கு இது தெரிந்தால் விவாதத்தில் ஜெயித்துவிடுவான்.

அன்று கட்டியது இன்றைய கில்ட்டும் அல்ல. உடம்பு முழுவதையும் சுற்றி, இடுப்பில் பெல்ட் போட்டு, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்ளும் பெரிய துணி. பகலில் உடை, ராத்திரி போர்வை. அதைப் பற்றிய தெளிவான முதல் குறிப்பு 1594-ல் கிடைக்கிறது. அதன் கீழ்ப்பாதியை மட்டும் தனியாக எடுத்து மடிப்பு வைத்துத் தைத்ததுதான் இன்றைய கில்ட். அது வந்தது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மலைநாட்டில் இரும்பு உலை நடத்த வந்த தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் 1720-களில் அதைக் குட்டையாக்கினார் என்று ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற ஏற்பாடு அதற்கும் பின்னால் வந்தது. பானக்பர்னில் இருந்த வில்சன் குடும்பத்துத் தறிக்கூடம் பெயர் வைத்து விற்ற கட்டங்களும், 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த பெரிய கோலாகலமும் சேர்ந்துதான் அதை நிலைநிறுத்தின. ஆக, 'ஆதியிலிருந்து இப்படித்தான்' என்று சொல்லுமளவுக்கு அது பழையதில்லை.

இன்னொன்று. கில்ட்டுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவைப் பெரியவர் கோபத்தில் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1746 ஏப்ரல் 16-ல் கலோடன் போர். பிரிட்டிஷ் அரியணையைத் தன் குடும்பத்துக்குக் கேட்டு மலைநாட்டுக்காரர்களைத் திரட்டிய சார்லஸ் ஸ்டூவர்ட்டின் படை அங்கே ஒரு மணி நேரத்துக்குள் அழிந்தது. அந்த வருடமே லண்டன் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடைசெய்து சட்டம் போட்டது. 1747 ஆகஸ்ட் 1-லிருந்து கில்ட் கட்டிய ஆண் பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடுகடத்தல். அந்தச் சட்டத்தில் விலக்கு ஒன்று இருந்தது. அரசரின் படையில் இருப்பவன் கட்டலாம்.

1782-ல்தான் தடை நீங்கியது. அந்த முப்பத்தைந்து வருடமும் சட்டப்படி கில்ட் உயிரோடு இருந்தது சிப்பாய்களின் இடுப்பில் மட்டும்தான். பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் கரும்பச்சை, கருநீலக் கட்டத்தை நீங்கள் எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள், போர்வையில், குழந்தைகளின் பள்ளிக்கூடப் பாவாடையில்கூட. அது ராணுவத் துணி. எந்த ஒரு குலத்துக்கும் மட்டும் சொந்தமில்லை. உங்கள் பெரியவர் அதைக் கட்டிக்கொண்டு வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதனால் ராணுவத்தின் சாயல் பட்டுவிட்டது என்பதற்காக கில்ட் கெட்டுப்போகாது. ராணுவம்தான் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது.

இனி அவர் சொன்ன தாத்தாக்கள். அந்த வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்வது முழு உண்மை. அந்தத் தாத்தாக்கள் சாகாமலிருக்க கில்ட்டை மறைக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

1859-ல் லண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் சேர்ந்து லண்டன் ஸ்காட்டிஷ் என்று ஒரு தொண்டர் படை தொடங்கினார்கள். எந்த டார்ட்டன் போடுவது என்ற கேள்வி வந்தது. எந்தக் குலத்தின் கட்டத்தை எடுத்தாலும் மற்றவனுக்கு மனக்குறை. தலைவராக இருந்த எல்கோ பிரபு கட்டமே வேண்டாம் என்று முடிவு செய்து ஹாடன் கிரே என்ற நிறத்தைத் தேர்ந்தார். ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்துக் கம்பளியின் நிறம் அது, சாம்பலும் பழுப்பும் கலந்தது. அவர் சொன்ன நியாயம் இதுதான். சிப்பாய் மனிதனை வேட்டையாடுகிறவன். மான் வேட்டைக்குப் போகிறவன் கண்ணில் படாத நிறமாகப் பார்த்து உடுத்துவதுபோல அவனும் உடுத்த வேண்டும். 1914 அக்டோபர் 31 ராத்திரி பெல்ஜியத்தில் மெஸீன் என்ற ஊரில் அந்தப் படை அந்த நிறக் கில்ட்டோடுதான் சண்டை போட்டது. பிரிட்டனின் தொண்டர் காலாட்படைகளில் முதல் உலகப்போரில் முதலில் களம் இறங்கியது அவர்கள்தான். அதாவது ஒளிவதற்கென்று நிறம் பார்த்த கில்ட் நூற்று அறுபது வருடமாக இருக்கிறது, அதைக் கட்டியவர்கள் செத்தும் இருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் தென்னாப்பிரிக்காவில், அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போர். 1899 டிசம்பர் 11-ல் மாகர்ஸ்ஃபோன்டைன் என்ற இடத்தில் மலைநாட்டுப் படைகள் போயர்களின் பதுங்குகுழிகளுக்கு நேர் முன்னால் போய் மாட்டிக்கொண்டன. தலை தூக்கினால் குண்டு. பகல் முழுக்கக் கொதிக்கும் வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். கில்ட்டுக்கு மேல் முன்பக்கம் மட்டும் காக்கித் துணியில் ஒரு ஏப்ரன் கட்டியிருந்தார்கள், கண்ணில் படாமலிருக்க. குப்புறப் படுத்தால் அந்த மறைப்பு மண்ணுக்குள் போய்விடும், பின்பக்கத்துக் கருந்துணி வெளியே தெரியும். போதாக்குறைக்கு முழங்காலுக்குப் பின்னால் தோல் வெந்து கொப்புளம் கட்டி, மறுநாள் நடக்க முடியாமல் போனவர்கள் பலர்.

முதல் உலகப்போரில் பிரான்சின் பதுங்குகுழிகளிலும் கில்ட், அதன்மேல் காக்கி மறைப்பு. ஏழு மீட்டர் கம்பளி மழையில் ஊறினால் என்ன கனம் கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேறு கீழ்விளிம்பில் அப்பிக் காய்ந்துவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து, நடக்கும்போது கத்திபோலத் தொடையின் பின்பக்கத்தை அறுக்கும். கொசுவத்துக்குள் பேன் குடியிருக்கும். 1917-ல் ஜெர்மானியர்கள் கடுகு வாயு விட ஆரம்பித்தபோது மூடாத தோல் இன்னும் ஆபத்தானது. இத்தனைக்குப் பிறகும் அவர்கள் அதை விட மனமில்லாமல் கட்டினார்கள். 1940-ல் பிரான்சில் கேமரன் ஹைலேண்டர்ஸ் கட்டியதோடு போர்க்களத்தில் கில்ட் முடிந்தது. கிட்டத்தட்ட எண்பது வருடம் ராணுவம் அதை எப்படியெல்லாமோ மறைக்கப் பார்த்து, கடைசியில் கழற்றி வைத்துவிட்டது.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறொன்று. 1900-ல் லோவட் பிரபு போயர் போருக்காக லோவட் ஸ்கௌட்ஸ் என்று ஒரு படை திரட்டினார். அதில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்து எஸ்டேட்டுகளில் மான் வேட்டைக்குத் துணை போகும் கில்லிகள். மானுக்குத் தெரியாமல் மைல் கணக்கில் தவழ்ந்து போகிறவர்கள். துப்பாக்கியோடு ஒளிந்திருந்து சுடும் வீரர்கள் இன்று உடம்பு முழுக்க இலையும் சணலும் தொங்கவிட்டுப் போடும் உடைக்கு கில்லி சூட் என்று பெயர் வந்தது அவர்களால்தான். ஒளிதல் என்ற கலையே அந்த மண்ணின் சொத்து. அதைத் திரும்ப ஒரு கில்ட்டில் கொண்டுவந்து போடுவதை அந்நியமான கிறுக்குத்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம் ஏன் கல்யாணத்துக்கு வேண்டாம் என்கிறேன்? துணியிலிருந்து தொடங்குகிறேன். எடின்பரோவில் ஒருமுறை கில்ட் தைக்கும் ஓர் அம்மாளின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு கஜத் துணி. கொசுவம் வைப்பதற்கு முன்னால் அவர் கட்டங்களை எண்ணினார். ஒவ்வொரு மடிப்பையும் எந்த இடத்தில் மடித்தால் வெளியே தெரியும் பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து பின்பக்கத்திலும் அதே கட்டம் முழுசாகத் தெரியும் என்று பார்த்து, ஊக்கு குத்தி, இடுப்புப் பக்கம் வர வர ஒவ்வொன்றையும் நூலளவு குறைத்துக் கையால் தைத்தார். ஏழு மீட்டர் துணியை ஓர் இடுப்பளவுக்குள் மடித்த பிறகும் கட்டம் கலையவில்லை. தறியில் நெய்த டார்ட்டனுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதம் இல்லை. நடக்கும்போது மடிப்பு விரிந்தாலும் உள்ளேயும் அதே நிறம்.

அதே கடையில் மிலிட்டரி டிசைன் கில்ட்டும் தொங்கியது. கையில் எடுத்து விரித்துப் பார்த்தேன். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி, மேலே அச்சடித்த டிசைன். மடிப்பை விரித்தால் உள்பக்கம் வெளுத்துப்போன பச்சை. கொசுவத்தில் எண்ணிச் சேர்க்க எதுவும் இல்லை, ஏனென்றால் உருவத்தைக் கலைத்துக் காட்டுவதற்காகவே போட்ட டிசைன் அது. தையல்காரர் மணிக்கணக்கில் உட்கார்ந்து வைத்த மடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கில்ட்டின் அழகே கொசுவம்தான், அந்த அழகை இந்த டிசைன் விழுங்கிவிடுகிறது. உங்கள் மனைவி "நல்லா இல்ல" என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். புடவைக் கொசுவம் வைத்துப் பழகிய கண் அது, சட்டென்று பிடித்துவிட்டது.

இந்தத் துணிக்கும் அதற்கான இடம் உண்டு. அமெரிக்காவில் சியாட்டிலில் 2000-ல் யூட்டிலிகில்ட்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கனத்த பருத்தித் துணி, பக்கத்தில் பெரிய பைகள், வேலைக்கும் வெயிலுக்கும் ஏற்ற கில்ட். எடின்பரோவிலேயே ஹவீ நிக்கல்ஸ்பி என்பவர் 1996-லிருந்து டெனிமிலும் தோலிலும் கில்ட் தைக்கிறார். இவை வந்த பிறகுதான் இளைஞர்கள் பலர் கல்யாணத்துக்கு மட்டுமல்லாமல் சாதாரண நாளிலும் கில்ட் கட்டத் தொடங்கினார்கள். அது நல்லதுதான். மிலிட்டரி டிசைன் கில்ட் இந்த வரிசையில் சேர்ந்தது. துவைத்து உதறிப் போடலாம், சேறு தெரியாது, முள் இழுத்தால் வருத்தம் இல்லை.

நம்மிடம் இந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது. கைலி இருக்கிறது, நாலு முழ வேட்டி இருக்கிறது, எட்டு முழம் இருக்கிறது, பட்டு வேட்டி இருக்கிறது. கைலியை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. என் அப்பா பாதி வாழ்நாள் கைலியில்தான் இருந்தார். ஆனால் மாப்பிள்ளைத் தோழன் கைலியில் வந்து நின்றால் பெண் வீட்டார் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நண்பன் கேட்பது கைலி. மலைக்குக் கட்டட்டும், ஆற்றில் மீன் பிடிக்கக் கட்டட்டும். கல்யாணம் என்பது நாலு பேர் பார்க்க நிற்கிற நாள். கண்ணில் படாமலிருக்கச் செய்த துணி அன்றைக்கு எதற்கு?

இனி நான் கலோடனில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் போர்க்களம் இப்போது ஒரு வெறும் புல்வெளி, ஹெதரும் புல்லும் காற்றும்தான். செத்தவர்களைக் குலவாரியாகப் புதைத்த மேடுகளுக்கு முன்னால் 1881-ல் நட்ட கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லில் 'கலந்த குலங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கும். யார் எவர் என்று அடையாளம் தெரியாதவர்கள். அந்தக் கல்லின் முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மிலிட்டரி டிசைன் கில்ட், பழைய மலையேற்ற பூட்ஸ். கில்ட் நிறைய துவைத்து மங்கியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான்தான் பேச்சுக் கொடுத்தேன். இந்த இடத்தில் இதைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா என்று எனக்கு மனதில் ஒரு சுணக்கம் இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கில்ட் எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

வாங்கவில்லை, மனைவி தைத்தது என்றார். அவர் ஃபைஃப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கக் குடும்பம். பிளாக் வாட்ச் படையில் பன்னிரண்டு வருடம், அதில் இரண்டு முறை வட அயர்லாந்து. ராணுவத்தில் அவர் போட்ட இரண்டு மூன்று உடுப்புகளைப் பிரித்து மனைவி இதைச் செய்திருக்கிறார். "எங்கள் வீட்டுக்குக் குலமும் கிடையாது, டார்ட்டனும் கிடையாது. எனக்கென்று சொந்தமாக ஒரு நிறம் உண்டென்றால் இதுதான்" என்றார். குனிந்து கீழ்விளிம்பைப் பிடித்துக் காட்டினார். ஓர் இடத்தில் பழைய சட்டைப் பையின் தையல் தடம் அப்படியே இருந்தது. நூலைப் பிரித்தும் துணியில் கோடு போகவில்லை.

கல்யாணம், நினைவு நாள் போன்றவற்றுக்கும் இதுதானா என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். போரில் இறந்தவர்களுக்கான நவம்பர் நினைவு ஞாயிறுக்குப் படைப்பிரிவின் டார்ட்டன், மகள் கல்யாணத்துக்கும் அதேதான் என்றார். "இது மலைக்கு. இன்றைக்கு இங்கிருந்து மலைக்குத்தான் போகிறேன்."

தம்பி, அந்தத் துணியைக் கட்ட அவரைவிட உரிமை உள்ளவர் யாரும் இருக்க முடியாது. அவரே இடம் பார்த்துத்தான் கட்டுகிறார்.

உங்கள் நண்பன் கட்டக் கூடாத காரணம் ஒன்று இதில் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. டார்ட்டன் கட்டிப் போரிட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பச்சையும் பழுப்பும் கறுப்புமான இந்தத் திட்டுகளைப் போட்டுக்கொண்டு போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஃபாக்லாந்து, வட அயர்லாந்து, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று போய்த் திரும்பியவர்கள் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடமாடுகிறார்கள். திரும்பாதவர்களின் அம்மாக்களும் இருக்கிறார்கள். அந்தக் கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு அம்மா உட்கார்ந்திருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. எனக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போய் லண்டனில் இருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் ரயிலில் எதிர் சீட்டில் இந்த டிசைன் பேண்ட் போட்ட பையன் உட்கார்ந்தால் அவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார். பையன்மேல் கோபம் கிடையாது. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற உடம்பு அது, நிறத்தைப் பார்த்ததும் தன்னால் எழுந்துவிடுகிறது. அபர்டீன் எண்ணெய்த் தொழிலுக்கு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வருபவர்களில் எத்தனை பேர் அப்படிப்பட்ட வரிசையில் நின்றிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? சந்தோஷமாக இருக்க வந்தவர்களில் ஒருவர் முகம் வாடினாலும் மாப்பிள்ளைக்கு அது தெரியாமலே போய்விடும். அது வேண்டாமே என்கிறேன்.

துணிதானே என்று சொல்லும் பையன்களிடம் நான் கோபப்படமாட்டேன். அவர்கள் அதைக் கடையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சில நாடுகள் அதைத் துணியாக மட்டும் பார்ப்பதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் ராணுவத்தில் இல்லாதவர்கள் இந்த டிசைன் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. மாப்பிள்ளை தேனிலவுக்கு அந்தப் பக்கம் போவதாக இருந்தால் கில்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். நம் ஊரில் பிளாட்பாரத்தில் ஆர்மி பேண்ட் கிடைக்கிறதுதான். ஆனால் 2016-ல் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு ராணுவ டிசைன் உடையைப் பொதுமக்கள் போட வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரியில் வந்த புதிய டிசைனை வெளியில் விற்கக் கூடாது என்று அதன் டிசைன் உரிமையையே பதிவு செய்தார்கள். நீங்கள் லீவில் வரும்போது பெட்டியில் இது வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்வி, உரிமை. தாராளமாகக் கட்டலாம். கில்ட் கட்டப் பரம்பரைச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. விருந்தாளி ஒருவர் முறையாகக் கட்டி வந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனால் பார்ப்பீர்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வேட்டி கட்டி வந்தால் நம் பாட்டிகள் எப்படிச் சுற்றி நின்று பார்ப்பார்கள், அப்படித்தான். குல டார்ட்டன் கூச்சமாக இருந்தால் பிளாக் வாட்ச் இருக்கிறது, யாரும் கட்டலாம். நண்பனுக்குக் கட்டமே பிடிக்கவில்லை என்றால் ஹாடன் கிரே நிறத்தில் கட்டம் இல்லாத கம்பளி கில்ட் கட்டச் சொல்லுங்கள். அவன் விரும்பும் மலையின் நிறமும் அதில் இருக்கிறது, 1859-ன் கதையும் இருக்கிறது, கொசுவமும் தெரியும். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஐந்து பேர் ஒரே வரிசையில் அந்த நிறத்தில் நின்றால் மிக அழகாக இருக்கும். உங்கள் பெரியவரும் வாயடைத்துப் போவார்.

கருத்துச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். ஆபீஸில் சொல்ல வேண்டாம். நண்பனைத் தனியாகக் கூப்பிட்டு, அவனோடு ஒரு டீ குடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். புக்கானனையும் எல்கோ பிரபுவையும் முதலில் சொல்லுங்கள், அவன் ஆசையில் தப்பில்லை என்பது அவனுக்குப் புரியும். பிறகு திரும்பி வராத சிப்பாயின் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போதும் அவன் இல்லை, இதுதான் வேண்டும் என்றால் மறுபேச்சு இல்லாமல் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவன் கல்யாணம், நீங்கள் அவன் தோழன்.

எதைக் கட்டினாலும் கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்கட்டும், அதற்குக் கீழே இறங்கினால் பாவாடைபோலத் தொங்கும். கொசுவம் பின்னால் வர வேண்டும், முன்னால் திறக்கும் ஓரம் உங்கள் வலது பக்கம். அந்த ஓரத்தில் குத்தும் ஊசியை மேல் மடிப்பில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். நிமிர்ந்து உட்காரும் முன் இரண்டு கையாலும் பின்பக்கக் கொசுவத்தைத் தடவி விட்டுக்கொண்டு உட்காருங்கள், உங்கள் மனைவியைக் கேட்டால் சொல்லித் தருவார். கையால் தைக்கும் கில்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும், ஜூனுக்கு அதிக நாள் இல்லை. இந்த வாரமே அவனிடம் பேசிவிடுங்கள்.

அன்புடன்.